பகைக்கு ஒரு மொய் நோட்டு

(புதுக்கோட்டையில் தொலைக்காட்சிக்காக நடைபெற்ற பட்டிமன்றம். தலைப்பு: 'இளைய உள்ளங்களில் பழிவாங்கும் எண்ணத்தை வளர்ப்பது சினிமாவா? வீடா?' – 'வீடே' என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! நான் வாயைத் திறக்கும் முன்பே பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! தாய்மார்களே, பெரியோர்களே!

புதுக்கோட்டையில் பேசுவது எனக்கு வெளியூர்ப் பேச்சு அல்ல. இது என் மாவட்டம். சொந்த ஊர்ல பேசுறதுல ஒரு சங்கடம் உண்டு. கொஞ்சம் கூட்டிச் சொன்னா, முன் வரிசையில உட்கார்ந்திருக்கிற எங்க அயித்தை எந்திரிச்சு, "ஏப்பா, அப்படியா நடந்துச்சு?"ன்னு கேட்டுப்புடும். (சிரிப்பு) ஆகவே இன்று நான் சொல்வதெல்லாம் உண்மை.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி மிகுந்த கோபத்தோடு பேசினார்கள். "இந்தப் பழிவாங்கும் கதை, ரவுடிக் கும்பல், துப்பாக்கி எல்லாம் இந்திப் படத்துல இருந்து இறக்குமதி ஆனது. அதனாலதான் நம்ம பிள்ளைங்க கெட்டுப் போகுது" என்றார்கள். நல்லா கைதட்டினீங்க. நானும் தட்டினேன். பேச்சு நல்லா இருந்தது. கணக்குத்தான் தப்பு.

கொடுக்கல் வாங்கலைச் சரியாப் பார்ப்போமா? 1975ல் இந்தியில் 'தீவார்' வந்தது. 1981ல் நாம் அதைத் 'தீ' என்று எடுத்தோம். 1978ல் அங்கே 'டான்'. 1980ல் இங்கே 'பில்லா'. சரி, கடன் வாங்கினோம். திருப்பிக் கொடுக்கலையா? 1987ல் இங்கே 'நாயகன்'. மறு வருஷமே இந்தியில் 'தயாவான்'. அத்தோடு நிக்கல. 2008ல் மதுரையைக் களமாக வைத்துச் சசிகுமார் 'சுப்பிரமணியபுரம்' எடுத்தார். 2012ல் அனுராக் காஷ்யப் இந்தியில் 'கேங்ஸ் ஆஃப் வாசேப்பூர்' எடுத்தார். அந்தப் படத்தின் தொடக்கத்தில் மூன்று பேருக்கு நன்றி போடுகிறார்கள். யாருக்கு? பாலா, அமீர், சசிகுமார். மூணு பேரும் நம்ம ஆளுங்க. அரிவாள் இங்கிருந்து போயி, அங்கே துப்பாக்கியா மாறி நிக்குது. இதுல யாரை யார் கெடுத்தது, சகோதரி? (கைதட்டல்)

இந்தத் தலைப்பைக் கொடுத்த உடனே பெங்களூரில் வேலை பார்க்கிற என் மகனுக்குப் போன் போட்டேன். "தம்பி, பழிவாங்குற படம் ஒண்ணு சொல்லு. ஒண்ணு பார்த்தா நூறு பார்த்த மாதிரி இருக்கணும்." அவன் இந்த வாசேப்பூர் படத்தைச் சொன்னான். "அப்பா, ரெண்டு பாகம். மொத்தம் அஞ்சு மணி நேரத்துக்கு மேல. 'ஏ' சான்றிதழ். அம்மாவைக் கூட வச்சுக்கிட்டுப் பார்க்காதீங்க"ன்னான். (சிரிப்பு) எனக்கு இந்தி தெரியாது. படத்துக்குக் கீழே இங்கிலீஷ்ல எழுத்து ஓடுது. நான் கண்ணாடியைச் சரிபண்ணிக்கிட்டு ஒரு வரி படிச்சு நிமிர்றதுக்குள்ள, அங்கே ரெண்டு பேரைச் சுட்டுப் போட்டுட்டான். (சிரிப்பு) திரும்பத் திரும்ப ஓட்டி ஓட்டி, மூணு ராத்திரி பார்த்து முடிச்சேன்.

கதை இதுதான். இன்றைய ஜார்கண்ட் மாநிலத்திலே தன்பாத். நிலக்கரி ஊர். வெள்ளைக்காரன் காலத்திலே தொடங்குகிறது கதை. ஷாகித் கான் என்று ஒருவன். ராமாதீர் சிங் என்ற சுரங்க முதலாளிக்கு அடியாளாக இருக்கிறான். முதலாளிக்கு அவன் மேலே சந்தேகம் வந்ததும் ஆள் வைத்துக் கொன்றுவிடுகிறார். அவனுடைய சிறு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து உறவுக்காரர் ஒருவர் வளர்க்கிறார். உன் அப்பனைக் கொன்றவர் இன்னார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வருகிறது. உடனே மொட்டை அடித்துக்கொள்கிறான். "பழி தீர்க்கிற வரைக்கும் தலையில முடி வளர்க்க மாட்டேன்" என்று சபதம். அவன் பேர் சர்தார் கான். அவனும் பழி தீர்க்கும் முன்பே செத்துப் போகிறான். பெட்ரோல் பங்கிலே சுட்டுக் கொல்கிறார்கள். அப்புறம் அவன் மூத்த மகன். அவனையும் கொல்கிறார்கள். அப்புறம் இரண்டாவது மகன் பைசல். மூன்று தலைமுறை. தாத்தாவுக்கு விழுந்த அடி பேரன் கணக்கிலே பற்று எழுதப்படுகிறது.

இதைப் பார்த்தபோது எனக்கு வாசேப்பூர் ஞாபகம் வரலை. கீரமங்கலம், வடகாடு ஞாபகம் வந்தது. ஏன்? அந்தப் பக்கமெல்லாம் ஆடி மாசத்துல மொய் விருந்து நடக்குமே, பார்த்திருக்கிறீர்களா? பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, ஒருத்தர் நோட்டோட உட்கார்ந்திருப்பார். யார் எவ்வளவு செய்தார் என்று ஒவ்வொரு பேருக்கும் கணக்கு. நாளைக்கு அவர் விருந்து வைக்கும்போது நாம் போய்ச் செய்யணும். வாங்கினதை அப்படியே திருப்பிக் கொடுத்தா மரியாதை கிடையாது. மேலே போட்டுக் கொடுக்கணும். அப்பன் வாங்கிய மொய்யை மகன் கட்டணும். ரொம்ப நல்ல பழக்கம். எத்தனையோ குடும்பம் அந்தப் பணத்துல தொழில் தொடங்கித் தலை நிமிர்ந்திருக்கு.

ஆனால் நடுவர் அவர்களே, பகைக்கும் ஒரு மொய் நோட்டு இருக்கிறது. வாங்கின அடிக்கு மேலே போட்டுத் திருப்பிக் கொடுக்கணும். அப்பன் பட்டதுக்கு மகன் கட்டணும். அந்த நோட்டு எங்கே இருக்கு? சினிமாத் தியேட்டரிலா இருக்கு? நம்ம வீட்டுப் பரணிலே இருக்கு! (கைதட்டல்)

எதிரணிக்கு ஒரு உதவி செய்கிறேன். அந்தப் படத்திலேயே உங்கள் கட்சிக்கு ஒரு சாட்சி இருக்கு. நீங்கள் பார்க்காததால் விட்டுவிட்டீர்கள். அந்த முதலாளி ராமாதீர் சிங் கிழவரான பிறகு ஒன்று சொல்கிறார். நான் இத்தனை வருஷம் உயிரோடு இருப்பது ஏன் தெரியுமா? நான் சினிமா பார்ப்பதில்லை. இந்த ஊரில் ஒவ்வொருத்தன் தலைக்குள்ளேயும் ஒரு சினிமா ஓடிக்கொண்டிருக்கிறது, எல்லாரும் கதாநாயகன் ஆகப் பார்க்கிறார்கள் என்கிறார். உங்கள் கட்சி வக்கீல் மாதிரியே பேசுகிறார். எழுதிக்கொள்ளுங்கள்! (சிரிப்பு)

எழுதியாச்சா? இப்போது பதில் சொல்கிறேன். அந்தப் பைசல் சினிமாப் பைத்தியம். அமிதாப் பச்சன் படமாகப் பார்க்கிறான். பார்த்துவிட்டு என்ன பண்ணினான்? தலைமுடியை வளர்த்தான். கனவு கண்டான். கஞ்சா குடித்துவிட்டு மூலையிலே கிடந்தான். அத்தனை படம் பார்த்தும் அவனுக்குப் பழிவாங்கத் தோன்றவில்லை! எப்போது எழுந்தான்? பெற்ற தாய் வந்து கேட்டாள். உன் ரத்தம் எப்போதடா கொதிக்கும் என்று கேட்டாள். அப்போதுதான், அப்பனுக்கு, தாத்தாவுக்கு, அண்ணனுக்கு எல்லாருக்கும் சேர்த்து நானே பழிவாங்குகிறேன் என்கிறான். சினிமா அவனுக்கு முடியைக் கொடுத்தது. வீடு அவனுக்குத் துப்பாக்கியைக் கொடுத்தது! (பலத்த கைதட்டல்)

அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. புருஷனையும் மூத்த மகனையும் பறிகொடுத்தவள். வயிறு எரிகிறது. ஆனால் அப்புறம் என்ன ஆச்சு? அவளையே கடைத்தெருவிலே சுட்டுக் கொல்கிறார்கள். கூடவே, தாலியறுத்த மருமகளையும். நோட்டிலே இன்னும் இரண்டு வரி கூடியது. கடைசியில் பைசல் பழியைத் தீர்க்கிறான். தீர்த்தவனைக் கொன்றது யார்? அவன் தம்பி. தகப்பன் ஒருத்தன், தாய் வேறு. அந்தத் தாய்க்குத் தனியாக ஒரு கோபம், அவள் வீட்டிலே தனியாக ஒரு நோட்டு! (சிரிப்பு)

தலைமுடிச் சபதம் வாசேப்பூரில்தான் பிறந்ததா? நம்ம பாஞ்சாலி என்ன சபதம் செய்தாள்? அங்கே மொட்டை, இங்கே விரித்த கூந்தல். அவ்வளவுதான் வித்தியாசம். வில்லிபுத்தூரார் பாடியிருக்கிறார், பாரதியார் பாடியிருக்கிறார். நாம் சபதத்தோடு கைதட்டிவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். மிச்சக் கதையைக் கேட்பதில்லை. சபதம் நிறைவேறியது. துரியோதனன் தொடை முறிந்து கிடந்தான். அன்று இரவே என்ன நடந்தது? தன் தகப்பன் துரோணனைக் கொன்ற பழிக்காக அசுவத்தாமன் பாசறைக்குள் புகுந்தான். தூங்கிக்கொண்டிருந்த பாஞ்சாலியின் ஐந்து பிள்ளைகளையும் கொன்றுபோட்டான். கூந்தலை முடிக்கலாம் என்று கையை எடுத்தவளுக்கு, மடியிலே போட்டு அழ ஐந்து பிணம்.

அதற்கு அப்புறம் ஒன்று சொல்கிறது பாகவதம். அர்ச்சுனன் அந்த அசுவத்தாமனைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து பாஞ்சாலி முன்னால் நிறுத்துகிறான். கை கட்டப்பட்டுத் தலை குனிந்து நிற்கிறான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், தலை உருளும். பாஞ்சாலி என்ன சொன்னாள் தெரியுமா? விட்டுவிடுங்கள், பிள்ளையைக் கொடுத்துவிட்டு நான் அழுகிறது போல இவனைப் பெற்றவளும் அழ வேண்டாம் என்றாள். சபதம் போட்ட அதே வாய்! அதுதான் நோட்டைக் கிழிப்பது.

பகை பிறவிக் குணமா? நம்ம புறநானூற்றிலே ஒரு காட்சி. கிள்ளிவளவன் சோழ மன்னன். மலையமானோடு பகை. மலையமானுடைய சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு வந்து யானைக் காலிலே இடறச் சொல்கிறான். பழிக்குப் பழி. கோவூர்கிழார் என்ற புலவர் குறுக்கே வருகிறார். "அரசே, அந்தப் பிள்ளைகளைப் பார். யானையைக் கண்டதும் வேடிக்கை பார்த்து அழுகையையே மறந்துவிட்டன" என்று சொல்லி, அவர்களை மீட்டுக் கொடுக்கிறார். தன்னைக் கொல்ல வந்த யானையை வேடிக்கை பார்க்கிறது பிள்ளை! அதற்கு எது பகை, எது நட்பு என்று தெரியுமா? நாம் சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும்.

எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம்? கையில அரிவாளைக் கொடுத்தா சொல்றோம்? "அந்த வீட்டுல பச்சைத் தண்ணி குடிக்காதே." சொன்னது யாரு? நாமதான். "உங்க பெரியப்பன் நம்ம பங்கை ஏமாத்தினவன், மறந்துறாதே." பிள்ளை சோறு சாப்பிடும்போது சொல்றோம். சோத்தோட சேர்ந்து அதுவும் உள்ளே போகுது. அம்மாக்களை மட்டும் சொல்றேன்னு நினைக்காதீங்க. பத்து வருஷத்துக்கு முன்னால ஒரு கல்யாணத்துல தனக்குப் பந்தியில இடம் போடலைங்கிறதை, இன்னைக்கும் தேதியோட ஞாபகம் வச்சிருக்கிற அப்பாக்கள் இந்தச் சபையிலே எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம். வீட்டம்மா பக்கத்துல இருக்காங்க. (சிரிப்பு)

இப்போது நான் சிரிக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். ஊர்ப் பேர் சொல்ல மாட்டேன். இந்த மாவட்டம்தான். கண்மாய்ப் பாசனம்.

எனக்குப் பத்து வயசு. பயிர் பால் பிடிக்கிற நேரம். கண்மாயிலே தண்ணி குறைவு. முறை வைத்துத் தண்ணி பாய்ச்சினார்கள். ராத்திரி மடையிலே எங்க சித்தப்பாவுக்கும் இன்னொருத்தருக்கும் வாய்ச்சண்டை. யார் முறை என்பதுதான் சண்டை. அவர் கையிலே மம்பட்டி இருந்தது. ஒரே அடி. எங்க அப்பா தோளிலே கிடந்த துண்டை எடுத்துத் தலையைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஊர் எல்லைக்கு வரும் முன்னே எல்லாம் முடிந்துவிட்டது. சித்தப்பாவுக்கு இருபத்து நாலு வயசு.

கருமாதி அன்றைக்கு உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். அந்தத் துண்டு திண்ணையிலே கிடந்தது. ரத்தம் காய்ந்து கறுப்பாயிருந்தது. வயசான ஒருத்தர் அதை எடுத்து, என்னைக் கூப்பிட்டு, என் கையிலே வைத்தார். "இதைத் துவைக்கக் கூடாது. பரணிலே வைங்க. பய வளரட்டும்" என்றார். எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அதையும் நான் மறைக்கக் கூடாது. பத்து வயசுப் பயலைப் பெரிய மனுஷங்க எல்லாரும் பார்க்கிறார்கள்!

எங்க அப்பத்தா அடுப்படியிலே இருந்து வந்தது. எழுதப் படிக்கத் தெரியாது. என் கையிலே இருந்த துண்டைப் பிடுங்கியது. நேரே போய், கருமாதிச் சோறு வடித்துக்கொண்டிருந்த அடுப்பிலே போட்டது. எல்லாரும் பதறிப்போய் எழுந்தார்கள். அப்பத்தா திரும்பி எங்க அப்பாவைக் காட்டிக் கேட்டது: "ஒருத்தன் போயிட்டான். இவன் ஜெயிலுக்குப் போகணுமா?" அப்புறம் என்னைக் காட்டியது. "அதுக்கப்புறம் இவன் போகணுமா?" ஒருத்தரும் பதில் பேசவில்லை.

அப்பத்தா பயந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வழக்கு நடந்தது. கூண்டிலே ஏறிச் சாட்சி சொன்னது. அந்த மனுஷர் பேரைச் சத்தமாகச் சொன்னது. அவருக்குத் தண்டனை கிடைத்தது. நியாயத்தைக் கோர்ட்டிலே கேட்டது. அந்தப் பேரைச் சொன்னது அந்த ஒரே நாள்தான். சாகிற வரைக்கும் எங்க வீட்டுக்குள்ளே அந்தப் பேரைச் சொன்னதில்லை. "சித்தப்பா எப்படிச் செத்தாரு அப்பத்தா?"ன்னு கேட்டா, "தண்ணிக்குச் செத்தான்"னு சொல்லும். அவ்வளவுதான்.

ஊரு சும்மா இருக்குமா? எனக்குப் பதினைந்து வயசிலே டீக்கடையிலே ஒருத்தர் பேரைச் சொல்லிவிட்டார். பேர் தெரிந்துவிட்டது. ஆனால் என்ன செய்யணும் என்பதை யாரும் சொல்லவில்லை. அதை வீடுதானே சொல்லணும்? எங்க வீட்டிலேதான் நோட்டு எரிந்துபோயிற்றே!

வருஷங்கள் ஓடின. நான் வாத்தியார் ஆனேன். ஒருநாள் ஒரு மாணவன் உதவித்தொகை விண்ணப்பத்தை நீட்டினான். கையெழுத்துப் போடணும். ஊர்ப் பேரைப் பார்த்தேன். எங்க ஊர். அப்பா பேரைப் பார்த்தேன். விசாரித்தேன். அந்த மனுஷருடைய பேரன்.

என் கை நின்றுவிட்டது. நான் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. அன்றைக்கு நான் கையெழுத்துப் போடவில்லை. "நாளைக்கு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இருபது கிலோமீட்டர் பஸ்ஸிலே வருகிற பையன். மறுநாள்தான் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். அது தெரிந்துதான் சொன்னேன். புறநானூறு நடத்துகிற வாத்தியார் சொன்ன வார்த்தை அது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுப்பிலே துண்டு எரிந்த வாடைதான் வந்துகொண்டே இருந்தது. காலையிலே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே அவன் வாசலிலே நின்றுகொண்டிருந்தான். திண்ணையிலே வைத்தே கையெழுத்துப் போட்டேன். (கைதட்டல்)

கைதட்டாதீர்கள். ஒரு நாள் தாமதமாகப் போட்ட கையெழுத்து அது.

அந்தப் பையன் இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்திலே தமிழாசிரியர். நேற்று ராத்திரி போன் பண்ணினேன். "தம்பி, நாளைக்கு மேடையிலே நம்ம கண்மாய்க் கதையைச் சொல்லலாமான்னு பார்க்கிறேன். நீ வேண்டாம்னா விட்டுடுறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னான்: "சொல்லுங்கய்யா. எங்க அப்பத்தாவும் சாகுற வரைக்கும் அந்தக் கண்மாய்ல இறங்கினதில்லை. ஏன்னு கேட்டா, 'அங்க ஒரு புள்ளை போயிருச்சு'ன்னு மட்டும் சொல்லும்."

நடுவர் அவர்களே! இரண்டு வீடு. இரண்டு அப்பத்தா. ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டதே இல்லை. இரண்டு பேரும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரே கதையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அதனாலேதான் இன்றைக்கு அவன் அங்கே பாடம் நடத்துகிறான், நான் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

நம்ம சித்தன்னவாசல் மலையிலே கல்லிலே படுக்கை வெட்டி வைத்திருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். எந்த உயிருக்கும் தீங்கு செய்ய மாட்டோம் என்று நோன்பிருந்த சமண முனிவர்கள் படுத்த படுக்கை. அப்பத்தா அங்கே போனது கிடையாது. ஆனால் அந்த நோன்பை ஒரு நாள் அடுப்படியிலே நின்று காட்டிவிட்டுப் போயிற்று.

வாசேப்பூர் படத்தின் கடைசியிலே எல்லாரும் செத்த பிறகு, பைசலின் மனைவியும் அந்த வயசான உறவுக்காரரும் மும்பைக்குப் போய்விடுகிறார்கள். கூட ஒரு குழந்தை. படம் அங்கே முடிகிறது. அந்தக் குழந்தை ஒருநாள் "எங்க அப்பா எப்படிச் செத்தார்?" என்று கேட்குமே, என்ன பதில் சொல்வார்கள்? இயக்குநர் அதைச் சொல்லவில்லை. அது அவர் வேலையும் இல்லை. அது அந்த வீட்டு வேலை.

சினிமா மூன்று மணி நேரத்திலே முடிகிறது. வீடு இருபது வருஷம் ஓடுகிறது. துண்டைப் பரணிலே வைப்பதும் வீடுதான். அடுப்பிலே போடுவதும் வீடுதான். ஆகவே, பழிவாங்கும் எண்ணத்தை வளர்ப்பதும் அணைப்பதும் வீடே, வீடே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.